ஒருவருள் பலர்: போர்த்துகீசியக் கவிஞர் பெசோவாவின் வேற்றுப்பெயர்கள்

எழுதுவோர் தம் இயற்பெயரை விடுத்து வேறொரு பெயரை மேற்கொள்வது தமிழுலகிற்குப் புதியதன்று. கிருஷ்ணமூர்த்தி ‘கல்கி’ ஆனார். விருத்தாசலம் ‘புதுமைப்பித்தன்’ ஆனார். நம் நாட்டுத் தமிழ் ஏடுகளின் பழைய இதழ்களைப் புரட்டினாலும் புனைபெயர்கள் மிகுந்திருக்கக் காணலாம். பிறந்த ஊரின்மீது கொண்ட பற்றினால் பெயர் சூடிக்கொண்டோர் உண்டு. தாம் பார்க்கும் பணியின் பொருட்டு இயற்பெயரை மறைத்தோரும் உண்டு. ஆயினும் புனைபெயர் ஆளை மாற்றுவதில்லை. சட்டையை மாற்றியவர் வேறு மனிதராகிவிடாததுபோல, பெயரை மாற்றிய எழுத்தாளரும் தம் கருத்தையே, தம் நடையிலேயே எழுதுகின்றார்.

பெயரோடு ஆளையும் மாற்றிக்கொண்ட கவிஞர் ஒருவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் மேற்கு முனையில் வாழ்ந்தார். அவர் படைத்துக்கொண்ட பெயர் ஒவ்வொன்றிற்கும் பிறந்த நாளும், ஊரும், தொழிலும், சமயக் கொள்கையும், தனி நடையும் இருந்தன. அவர்களுக்கு அவர் ஜாதகமும் கணித்தார். ஒருவர் எழுதியதை மற்றவர் மறுத்தெழுதவும் செய்தார். அவரே பெர்னாந்தோ பெசோவா. தம் உள்ளத்தின் மறைந்த பகுதிகளை மாற்று ஆளுமைகளின் வழியே தேடிய அவருடைய வரலாறு, இலக்கியம் பயில்வோர் மட்டுமன்றிப் பன்மொழிச் சூழலில் வளரும் நம்மவர் அனைவரும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

போர்த்துகீசியரை நாம் பெரும்பாலும் மலாக்கா வரலாற்றின் வழியே அறிவோம். 1511ஆம் ஆண்டு மலாக்காவைக் கைப்பற்றி, 1641இல் அதனை டச்சுக்காரரிடம் இழந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய தலைநகரான லிஸ்பனுக்குத் தமிழோடும் பழந்தொடர்பு ஒன்று உண்டு. தமிழ்மொழி முதன்முதலில் அச்சேறிய நகரம் அதுவே. 1554ஆம் ஆண்டு அங்கு அச்சிடப்பட்ட சமய நூலொன்றில் தமிழ்த் தொடர்கள் உரோமன் எழுத்துகளில் இடம்பெற்றன. அந்த லிஸ்பன் நகரத்திலேதான் 1888ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் பெசோவா பிறந்தார்.

இரண்டு நகரங்கள், இரண்டு மொழிகள்

பெசோவாவின் தந்தையார் அரசு அலுவலர்; நாளிதழ் ஒன்றில் இசை விமரிசனமும் எழுதிவந்தார். மகனுக்கு ஐந்து வயதானபோது, 1893இல், அவர் எலும்புருக்கி நோயால் இறந்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் கைக்குழந்தையாயிருந்த தம்பியும் இறந்தான். பின்னர்த் தாயார் மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந் தந்தை தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் போர்த்துகீசியத் தூதரகப் பொறுப்பாளராக இருந்தார். எனவே 1896இல், ஏழு வயதுச் சிறுவன் தாயோடு கப்பலேறினான்.

அக்காலத்து டர்பன் ஆங்கிலேயரின் குடியேற்ற நகரம். 1860ஆம் ஆண்டு சென்னையிலிருந்து சென்ற ‘துரூரோ’ என்னும் கப்பல் முதல் ஒப்பந்தத் தொழிலாளரை இறக்கியது அந்தத் துறைமுகத்தில்தான். மலாயாவுக்கு நம் முன்னோரைக் கொணர்ந்த அதே ஒப்பந்த முறையே நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழரைக் கொண்டு சென்றது. 1893இல் டர்பனுக்கு வந்த காந்தியடிகள் அம்மக்களின் உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த காலமும் அதுவே. சொந்த மண்ணில் பேசிய மொழி ஒன்றாகவும், பிழைக்க வந்த மண்ணில் ஆள்வோர் மொழி வேறொன்றாகவும் இருந்த நகரம் அது. தோட்டத் தமிழருக்கும் தூதரக வீட்டுச் சிறுவனுக்கும் வாழ்க்கை நிலை மலையும் மடுவுமாக வேறுபட்டிருந்தது. எனினும் வீட்டுக்கு ஒரு மொழி, வெளிக்கு ஒரு மொழி என்னும் பிளவு இருவர்க்கும் பொதுவாயிற்று.

பெசோவா ஆங்கிலப் பள்ளியிலேயே பயின்றார். சேக்சுபியரையும் மில்டனையும் கற்றார். 1903ஆம் ஆண்டு நுழைவுத் தேர்வில், ஏறத்தாழத் தொள்ளாயிரம் மாணவர் எழுதியவற்றுள் சிறந்த ஆங்கிலக் கட்டுரைக்கான விக்டோரியா அரசியார் நினைவுப் பரிசை வென்றார். ஆங்கிலம் தாய்மொழியல்லாத ஒரு சிறுவன் அடைந்த இவ்வெற்றி சிறியதன்று. பின்னர் 1905இல், பதினேழு வயதில், குடும்பத்தை டர்பனில் விட்டுவிட்டுத் தனியே லிஸ்பனுக்குத் திரும்பினார். உயர்கல்வியைத் தொடங்கி இடையிலேயே நிறுத்தினார். அதன்பின் இறக்குமட்டும் அந்நகரத்து வணிக நிறுவனங்களுக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கடிதம் எழுதிக் கொடுப்பதே அவருடைய பிழைப்பாயிற்று. போர்த்துகல்லைவிட்டு அவர் மீண்டும் வெளியேறவேயில்லை.

முதல் முகங்கள்

தந்தையும் தம்பியும் மறைந்த அந்த இளம்பருவத்திலேயே அவர் ஒரு தோழரைக் கற்பித்துக்கொண்டார். ‘செவாலியே தெ பா’ என்பது அத்தோழரின் பெயர். ஆறு வயதுச் சிறுவன் அந்தப் பெயரில் தனக்குத் தானே கடிதம் எழுதிக்கொண்டான். தனித்து விளையாடும் பிள்ளைகள் இல்லாத தோழரோடு பேசுவது உலகெங்கும் காணும் இயல்பே. வளர வளரப் பிள்ளைகள் அத்தோழரை மறந்துவிடுகின்றனர். பெசோவா மறக்கவில்லை.

டர்பனில் படித்த நாளிலும், லிஸ்பனுக்குத் திரும்பிய தொடக்க ஆண்டுகளிலும் ஆங்கிலக் கவிதை எழுதுவதற்கென்றே ‘அலெக்சாண்டர் சர்ச்’ என்பவரைப் படைத்தார். இவருடைய பிறந்த நாளும் பெசோவாவின் பிறந்த நாளும் ஒன்றே. இருவரும் 1888ஆம் ஆண்டு ஜூன் 13இல் லிஸ்பனில் பிறந்தவர்கள். ‘சர்ச்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தேடல் என்பது பொருள். இளைஞர் ஒருவர் தம்மைத் தேடுவதற்கு மேற்கொண்ட பெயராக இதனைக் கொள்வது பொருந்தும். தந்தைவழிப் பாட்டியார் மனநோயால் துன்புற்றதைக் கண்டிருந்த பெசோவாவுக்குத் தமக்கும் அந்நோய் வருமோ என்னும் அச்சம் இருந்தது. அவ்வச்சத்தின் நிழல் சர்ச்சின் கவிதைகளில் படிந்துள்ளது.

ஆயினும் சர்ச் முழு ஆளாக உருவெடுக்கவில்லை. பெயர் வேறாயினும் அவர் பேசியது பெசோவாவின் குரலே. அதுவும் பள்ளியில் கற்ற ஆங்கிலக் கவிஞர்களின் சாயல் நீங்காத குரல். தம்முள் இருந்த பிறரை அவர் முழுமையாகக் கண்டெடுத்தது தாய்மொழிக்குத் திரும்பிய பின்னரே. இக்கருத்தை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1914ஆம் ஆண்டு மார்ச்சு 8

பெசோவா தம் மாற்று ஆளுமைகள் பிறந்த கதையை 1935ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் அதோல்போ கசாய்ஸ் மொந்தெய்ரோ என்னும் இளைய விமரிசகருக்கு எழுதிய கடிதத்தில் விளக்குகின்றார். மாரியோ தெ சா-கார்னெய்ரோ என்னும் நண்பரைக் கேலி செய்வதற்காக, நாட்டுப்புறக் கவிஞர் ஒருவரைக் கற்பித்து, அவர் உண்மையாக இருப்பவர்போல் அறிமுகம் செய்ய எண்ணினாராம். சில நாள் முயன்றும் இயலவில்லை. முயற்சியைக் கைவிட்ட நாளிலே, அதாவது 1914ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள், உயரமான மேசைப் பெட்டி ஒன்றின் அருகே நின்றவாறே முப்பதுக்கும் மேற்பட்ட கவிதைகளை ஒரே மூச்சில் எழுதினாராம். அவற்றை எழுதியவராகத் தம்முள் தோன்றியவருக்கு ‘அல்பெர்த்தோ கயேய்ரோ’ என்று பெயரிட்டார். தம் ஆசான் தம்முள்ளே தோன்றினார் என்றே அவர் அதனை உணர்ந்தார்.

வரலாறு பயில்வோர் இவ்விடத்தில் சற்று நிற்றல் வேண்டும். பிற்காலத்தில் ஆய்வாளர்கள் கையெழுத்துப் படிகளைச் சோதித்தபோது வேறொரு செய்தி வெளிப்பட்டது. கயேய்ரோவின் அக்கவிதைகள் ஒரே நாளில் எழுதப்பட்டவையல்ல. 1914ஆம் ஆண்டின் மார்ச்சு முதல் மே வரை பல நாள்களில் எழுதி, அடித்துத் திருத்தி அமைக்கப்பட்டவை. இருபத்தோர் ஆண்டுகளுக்குப் பின் நினைவுகூர்ந்தவர் பல நாள் உழைப்பை ஒரு நாள் அருளாகச் சுருக்கிவிட்டார். இதனைப் பொய்யென்று தள்ளுவதினும், அவர் தம் வரலாற்றையும் ஒரு படைப்பாகவே அமைத்தார் என்று கொள்வது தகும். அதனோடு, மறைந்திருந்த ஆளுமை திடீரென்று தோன்றுவதாக நாம் எண்ணினாலும், அதற்கு உருக்கொடுப்பது திருத்தித் திருத்தி எழுதும் உழைப்பே என்னும் உண்மையும் இதனால் விளங்குகின்றது.

மூவரும் அவர்தம் வேறுபாடும்

கயேய்ரோவைத் தொடர்ந்து அவருடைய மாணாக்கராக இருவர் தோன்றினர். மூவரையும் ஒப்பிட்டு நோக்குவோம்.

அல்பெர்த்தோ கயேய்ரோ 1889இல் லிஸ்பனில் பிறந்தவர். வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிற்றூரில், வயது முதிர்ந்த உறவினர் ஒருவரோடு கழித்தவர். தொடக்கப் பள்ளிக்கு மேல் கல்வியில்லை, தொழிலும் இல்லை. 1915இல் எலும்புருக்கி நோயால் இறந்தார். பொருள்களுக்குப் பின்னே மறைபொருள் ஏதுமில்லை, கண்ணால் காண்பதே உண்மை என்பது அவர் கொள்கை. மலர் மலராகவும், கல் கல்லாகவும் இருத்தலே போதும் என்பார். பெசோவாவோ எதனையும் ஆயிரம் முறை எண்ணிக் கலங்கியவர். எண்ணாமல் பார்க்கும் ஆற்றல் தமக்கு வாய்க்காத குறையைக் கயேய்ரோவின் வழியே அவர் நிறைவு செய்துகொண்டார்.

ரிக்கார்தோ ரெய்ஸ் 1887இல் போர்த்தோ நகரில் பிறந்தவர், மருத்துவர், இலத்தீன் புலமை மிக்கவர். முடியாட்சிக் கொள்கையர் ஆதலின் 1919இல் நாட்டைத் துறந்து பிரேசிலுக்குச் சென்றுவிட்டார். உரோமக் கவிஞர் ஹொரேசின் மரபைப் பின்பற்றி, அளந்து செதுக்கிய செய்யுள்களைப் பாடினார். வாழ்வு நிலையாதது, ஆதலின் ஆசையை அடக்கி, அமைதியாக வந்ததை ஏற்றுக்கொள்ளல் வேண்டும் என்பது அவர் பாடும் பொருள்.

ஆல்வரோ தெ காம்போஸ் 1890ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் தென்கோடி ஊராகிய தவீராவில் பிறந்தவர். கிளாஸ்கோவில் பயின்ற கப்பற்பொறியாளர். கீழ்த்திசை நாடுகளுக்குக் கடற்பயணம் செய்தவர். தம்மைவிட அவர் 2 செண்டிமீட்டர் உயரம் மிக்கவர் என்றுகூடப் பெசோவா குறித்துள்ளார். இயந்திரங்களின் ஓசையையும், துறைமுகங்களின் ஆரவாரத்தையும், பின்னாளில் வாழ்வின் சலிப்பையும் நீண்ட கட்டற்ற அடிகளில் கொட்டியவர் இவர். 1915இல் பெசோவாவும் நண்பர்களும் நடத்திய ‘ஓர்பெயு’ இதழில் இவருடைய கவிதைகள் வெளிவந்து லிஸ்பனையே அதிரச் செய்தன. அவ்விதழ் இரண்டு வெளியீடுகளோடு நின்றுபோனாலும் போர்த்துகீசிய இலக்கியத்தில் புதுமைக் காலம் அதனோடு தொடங்கிற்று.

பெசோவா தம்முடைய உள்ளாற்றல்களை மூவர்க்கும் பகிர்ந்தளித்ததாகக் கூறுகின்றார். தம்மை மறந்து பிறராகும் ஆற்றலைக் கயேய்ரோவுக்கும், மனக் கட்டுப்பாட்டை ரெய்சுக்கும், தமக்கோ தம் வாழ்வுக்கோ தாராத உணர்ச்சியையெல்லாம் காம்போசுக்கும் தந்தாராம். மொழியாசிரியர்கள் சுவைக்கத்தக்க குறிப்பொன்றும் அக்கடிதத்தில் உண்டு. கயேய்ரோ எழுதும் போர்த்துகீசிய மொழி செம்மை குறைந்தது. காம்போசின் மொழி நன்று, ஆயினும் இடையிடையே வழுக்கள் உண்டு. ரெய்சின் மொழி தம் மொழியினும் சிறந்தது, ஆனால் தூய்மை நாட்டம் அளவுக்கு மீறியது என்று ஆசிரியர்போல் மதிப்பிடுகின்றார். ஓர் ஆளுமை வேறு ஆளுமையாதல் மொழிநடையிலேதான் மெய்ப்படுகின்றது என்பதை அவர் நன்கறிந்திருந்தார். வாழ்க்கைக் குறிப்பை மட்டும் மாற்றிவிட்டு நடையை மாற்றாதிருந்தால் அம்மூவரும் வெறும் பெயர்களாகவே நின்றிருப்பர்.

1928ஆம் ஆண்டு ‘பிரெசென்சா’ இதழில் வெளியான குறிப்பொன்றில் இவ்வேறுபாட்டிற்கு அவர் இலக்கணமும் வகுத்தார். புனைபெயரில் எழுதியது, பெயர் ஒன்று நீங்கலாக, ஆசிரியரின் சொந்தப் படைப்பே. வேற்றுப்பெயரில் எழுதியதோ ஆசிரியர் தம் ஆளுமைக்கு வெளியே நின்று எழுதியது. நாடகப் பாத்திரத்தின் பேச்சுப் போன்றது. தம் படைப்பு முழுவதையும் நடிகர் பலர் தோன்றும் ஒரு நாடகமாகவே அவர் கருதினார்.

தமிழ் அகமரபும் பெசோவாவும்

இதனைப் படிக்கும் தமிழாசிரியர்க்கு நம் அகப்பாடல் மரபு நினைவிற்கு வராமற் போகாது. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்போர் கூற்றாகவே அகப்பாடல்கள் அமைகின்றன. கபிலர் தலைவியாகவும் தோழியாகவும் பேசுகின்றார். பிற்காலத்தில் நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று இறைவனைக் காதலித்துப் பாடினர். ஆண் ஒருவரின் உள்ளத்தில் அடங்கிக் கிடந்த ஏக்கமும் நாணமும் கண்ணீரும் பெண்குரலின் வழியே வெளிப்பட நம் மரபு இடமளித்தது.

பெசோவாவிடமும் ஒரு பெண்குரல் உண்டு. மரியா ஜோசே என்பது அவள் பெயர். வயது பத்தொன்பது, கூன் விழுந்த முதுகினள், எலும்புருக்கி நோயினள். நாள்தோறும் தன் சன்னலுக்குக் கீழே நடந்துசெல்லும் பூட்டுத் தொழிலாளி ஒருவனை அவள் காதலிக்கின்றாள். அவனுக்கு ஒரு கடிதம் எழுதுகின்றாள். அதனை அனுப்பும் எண்ணமே அவளுக்கு இல்லை. தன்னை எவரும் விரும்பார் என்று அறிந்தும் விரும்பாதிருக்க இயலாத ஓருயிரின் குரலை அக்கடிதத்தில் கேட்கின்றோம். அது 1990ஆம் ஆண்டில்தான் அச்சில் வெளிவந்தது. கூச்சம் மிகுந்த அலுவலக மனிதர் ஒருவர் தம் பெயரில் சொல்லியிருக்கவே முடியாத சொற்களை அப்பெண் சொல்லிவிட்டாள்.

எனினும் இரண்டு மரபுகளுக்கும் வேறுபாடு உண்டு. அகத்திணை மாந்தர்க்குப் பெயர் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பிய நெறி. அங்கே தலைவி எல்லாப் பெண்டிர்க்கும் பொதுவானவள்; அவள் உணர்வும் பொதுவான உணர்வு. பெசோவாவின் மாந்தர்க்கோ பெயரும், ஊரும், உயரமும், பிறந்த வேளையும் உண்டு. நம் மரபு தனிமனிதனைப் பொதுமைக்குள் கரைத்தது. அவரோ ஒரு தனிமனிதரைப் பல தனிமனிதராகப் பகுத்தார். ஆயினும், சொந்தக் குரலில் சொல்ல இயலாததைச் சொல்வதற்கு வேறொரு வாய் வேண்டும் என்னும் அறிவு இரண்டிற்கும் பொது.

முகமூடி செய்த தீங்கு

இதுகாறும் கண்டவை நன்மையே. மறுபக்கத்தையும் காணுதல் நேர்மை.

1920ஆம் ஆண்டு, தாம் பணிபுரிந்த அலுவலகத்திற்கு வந்த ஒபேலியா கெய்ரோஸ் என்னும் பத்தொன்பது வயது நங்கையைப் பெசோவா விரும்பினார். அவளும் அவரை விரும்பினாள். இருவரும் எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாக வந்துள்ளன. சில நாள்களில் பெசோவா அவளைக் காண வரும்போது, ‘இன்று வந்திருப்பவர் ஆல்வரோ தெ காம்போஸ்’ என்னும் பாவனையில் வருவார். நடையும் பேச்சும் மாறிவிடும். ஒபேலியாவுக்குக் காம்போசைப் பிடிக்கவில்லை. அந்த ஆண்டின் இறுதிக்குள் உறவு முறிந்தது. 1929இல் மீண்டும் துளிர்த்துச் சில திங்களில் மறுபடியும் ஓய்ந்தது. பெசோவா மணஞ்செய்துகொள்ளவேயில்லை.

கவிதையில் காம்போஸ் பேசினால் அது கலை. காதலியின் முன்னே, பெசோவா விடை சொல்லவேண்டிய இடத்திலே, காம்போஸ் வந்து நின்றால் அது ஒளிந்துகொள்ளுதல். மறைந்த பக்கங்களைக் கண்டறிய உதவிய முகமூடி, இருக்கும் முகத்தை மறைப்பதற்கும் உதவிற்று. அதன் விலையை ஓரளவு அப்பெண்ணும் சேர்ந்தே செலுத்தினாள் என்பதை நாம் மறத்தலாகாது.

தம் பெயரில் ஒரு கட்டுரை

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியொன்று அவருடைய இறுதி ஆண்டில் நடந்தது. 1926இல் போர்த்துகல்லில் படைவீரர் புரட்சி நிகழ்ந்து சர்வாதிகாரம் தோன்றிற்று. 1928இல் பெசோவா அவ்வாட்சிக்குச் சார்பாக ஒரு சிறுநூல் எழுதினார். 1932இல் சலசார் தலைமை அமைச்சரானார்; தணிக்கை இறுகிற்று. 1935இன் தொடக்கத்தில் இரகசியச் சங்கங்களைத் தடைசெய்யும் சட்டமுன்வரைவு ஒன்று கொண்டுவரப்பட்டது.

அவ்வாண்டு பிப்ரவரி 4ஆம் நாள் லிஸ்பன் நாளிதழொன்றில் அச்சட்டத்தைக் கண்டித்துக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. தாம் எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் அல்லர் என்று தெளிவாகக் கூறிவிட்டு, எண்ண உரிமையின் பொருட்டே அதனை எழுதினார் பெசோவா. கட்டுரையின் கீழே காம்போசின் பெயரோ ரெய்சின் பெயரோ இல்லை. பெர்னாந்தோ பெசோவா என்னும் இயற்பெயரே இருந்தது. எழுதுவதற்குப் பல பெயர்கள் கைவசம் இருந்தும், அரசை எதிர்த்துச் சான்று கூறவேண்டிய வேளையில் அவர் எந்தப் பெயரின் பின்னும் ஒளியவில்லை. சட்டம் அவ்வாண்டே நிறைவேறியது. எனினும் அக்கட்டுரை நின்றது. 1928இல் தாம் எழுதிய சிறுநூலை இல்லாததாகவே கருதவேண்டும் என்றும் அவ்வாண்டில் அவர் எழுதிவைத்தார். தவற்றை ஒப்புக்கொள்வதற்கும் சொந்தப் பெயரே வேண்டியிருந்தது.

அதே 1935ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், நாற்பத்தேழு வயதில், அவர் லிஸ்பன் மருத்துவமனை ஒன்றில் இறந்தார். குடிப்பழக்கம் அவர் உடலை நலிவித்திருந்தது. போர்த்துகீசிய மொழியில் அவர் வாழ்நாளில் வெளிவந்த கவிதை நூல் ‘மென்சாஜெம்’ என்னும் ஒன்றே, 1934இல் வந்தது.

பெட்டியுள் இருந்த மாந்தர்

அவர் விட்டுச்சென்ற செல்வம் ஒரு பெட்டி. அதனுள் இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட தாள்கள் இருந்தன. அலுவலகக் காகிதங்களின் பின்புறத்திலும் உறைகளிலும்கூட அவர் எழுதிவைத்திருந்தார். அத்தாள்களைப் பின்னர் நாட்டின் தேசிய நூலகம் பெற்றுப் பாதுகாத்தது. கணக்காளரின் உதவியாளராகக் கற்பித்த பெர்னார்தோ சோவாரெஸ் என்பவர் பெயரில் எழுதப்பட்ட ‘அமைதியின்மையின் நூல்’ என்னும் உரைநடைப் படைப்பு 1982ஆம் ஆண்டில்தான், அதாவது ஆசிரியர் இறந்து நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்தே, முதன்முதலாக நூலாயிற்று. சோவாரெசைத் தம்மினும் வேறானவர் என்று பெசோவா முழுமையாகக் கருதவில்லை. தம் ஆளுமையின் ஒரு பகுதி குறைந்த வடிவமே அவர் என்றார். தாம் சோர்ந்தோ உறக்கச் சாயலிலோ இருக்கும்போது சோவாரெஸ் எழுதுவாராம்.

பெட்டியின் தாள்களை ஆராய்ந்தோர் மாற்றுப் பெயர்களை எண்ணத் தொடங்கினர். 1990இல் வெளிவந்த ஆய்வொன்று 72 பெயர்களைக் காட்டிற்று. 2013இல் வெளிவந்த தொகுப்பு 136 என்றது. அவற்றுட் பல ஓரிரு பக்கங்களோடு நின்றுபோனவை. முழு மனிதராக வளர்ந்தோர் மிகச் சிலரே. 1985ஆம் ஆண்டு, இறந்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்தபோது, அவருடைய எச்சங்கள் லிஸ்பனின் ஜெரோனிமோஸ் மடத்திற்கு மாற்றப்பட்டன. கள்ளிக்கோட்டைக்குக் கடல்வழி வந்த வாஸ்கோ ட காமாவின் கல்லறையும் அங்கேதான் உள்ளது. கடலைக் கடந்து உலகைத் தேடியவரும், அலுவலக மேசையின் முன்னிருந்தே தம்முள் தேடியவரும் ஒரே கூரையின்கீழ் துயில்கின்றனர்.

நாம் கொள்ளத்தக்கது

போர்த்துகீசிய மொழியில் ‘பெசோவா’ என்னும் சொல்லுக்கு ஆள் என்பது பொருள். நாடக முகமூடியைக் குறித்த ‘பெர்சோனா’ என்னும் இலத்தீன் சொல்லே அதன் மூலம். ஆளும் முகமூடியும் ஒரே சொல்லில் அடங்கிய பெயரோடு அவர் பிறந்தது தற்செயலே. அத்தற்செயலுக்குத் தம் வாழ்க்கையால் பொருள் தந்தது அவருடைய செயல்.

நம் மாணவர் வீட்டில் ஒரு மொழியும், பள்ளியில் வேறு மொழியும், கடைத்தெருவில் மற்றொரு மொழியுமாக வளர்கின்றனர். ஒவ்வொரு மொழியிலும் தாம் ஒவ்வோர் ஆளாக இருப்பதை அவர்களே உணர்வர். ஆங்கிலத்தில் துணிந்து பேசும் மாணவி தமிழில் தாயின் முன் நாணுவாள். மலாய் மொழியில் நண்பர்களோடு நகைச்சுவையாகப் பேசும் இளைஞன் தமிழ் வகுப்பில் வாய்மூடி இருப்பான். இவற்றுள் எது என் உண்மையான முகம் என்னும் கலக்கம் இளம் உள்ளத்தில் எழுதல் இயற்கை. ஒன்றை மெய்யென்று கொண்டு ஏனையவற்றைப் பொய்யென்று அடக்க வேண்டுவதில்லை என்பதைப் பெசோவாவின் வாழ்வு காட்டுகின்றது. ஒவ்வொரு முகத்துக்கும் அதற்குரிய சொல்லையும் நடையையும் தேடித் தரலாம். தமிழாசிரியர் வகுப்பில், ‘உன்னைப் போலல்லாத ஒருவனைப் படைத்து, அவன் எழுதுவதாக ஒரு கடிதம் எழுது’ என்று பணித்துப் பார்க்கட்டும். தன்னைப் பற்றி எழுதச் சொன்னால் பத்து வரியில் நிறுத்திவிடும் மாணவன், பிறனாக நின்று எழுதும்போது தன்னைப் பற்றியே பல பக்கம் எழுதிவிடுவதைக் காணலாம்.

பரிசு பெற்ற ஆங்கிலம் கைவசமிருந்தும் பெசோவாவின் உள்ளிருந்த மாந்தர் தாய்மொழியிலேயே உயிர்பெற்றனர் என்பதையும் ஆசிரியர்கள் எடுத்துரைத்தல் வேண்டும். தமிழில் எழுதக் கூசும் மாணவனுள்ளும் தமிழில் மட்டுமே பேசக்கூடிய ஒருவர் காத்திருக்கக் கூடும். அவரை வெளிக்கொணர்தல் தமிழாசிரியரின் பணிகளுள் தலையாயது.

இவற்றோடு ஓர் எச்சரிக்கையும் உண்டு. மாற்று முகங்கள் நம்மை நாம் அறிவதற்கு உரியவை. நாம் விடைசொல்ல வேண்டிய இடத்திற்கு அவற்றை அனுப்புதல் தகாது. ஒபேலியாவின் முன்னே காம்போஸ் வந்தபோது பெசோவா இழந்தார். நாளிதழில் தம் பெயரையே இட்டபோது உயர்ந்தார். எத்தனை பெயர்களில் எழுதினும், அன்புக்கும் அறத்துக்கும் ஒருவர் இடவேண்டிய கையெழுத்து ஒன்றே. பல முகங்களையும் அறிந்து, அக்கையெழுத்தையும் காத்துக்கொள்வோரே தம்மை முழுமையாக அறிந்தவர் ஆவர்.